பல்லவிக்குத் திரும்பும் அன்பு: கிறிஸ்தவக் கீர்த்தனையைப் புரிந்து பாட ஓர் அறிமுகம்

கீர்த்தனைப் புத்தகத்தில் பெரும்பாலான பாடல்களின் தலையில் சின்ன எழுத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று ராகம், மற்றது தாளம். அதற்குக் கீழே பல்லவி, அனுபல்லவி, பிறகு எண் போட்ட சரணங்கள். பாடற்குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள் இவற்றையெல்லாம் தாண்டி நேரே மெட்டுக்குப் போய்விடுகிறார்கள். தேவனுடைய அன்பைப் பற்றிய பாட்டுதானே, உருகிப் பாடினால் போதும் என்று தோன்றிவிடுகிறது. அந்த அன்பு பாட்டில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் உருகினால் இரண்டாம் சரணத்துக்குள் குரல் தளர்ந்துவிடும். நான்காம் சரணத்தை "விட்டுவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். சரணத்தை விடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்று விளங்க, முதலில் வேதாகமத்தின் ஒரு பாட்டைப் பார்க்க வேண்டும்.

சங்கீதம் 136-இல் 26 வசனங்கள். ஒவ்வொரு வசனமும் இரண்டு பாதி. பின்பாதி 26 முறையும் ஒரே வரிதான்: "அவர் கிருபை என்றுமுள்ளது." முன்பாதியில் பெரும்பாலும் தேவன் செய்த ஏதாவது ஒரு காரியம் வரும். வானங்களை உண்டாக்கினார், சிவந்த சமுத்திரத்தை இரண்டாகப் பிரித்தார், தம் ஜனங்களை வனாந்தரத்தில் நடத்தினார், மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரம் கொடுக்கிறார். மனிதர் செய்ய வேண்டியதாக அந்தப் பாட்டு முழுக்கச் சொல்வது ஒன்றே ஒன்று, துதியுங்கள் என்பது. மற்ற வினைகளில் பெரும்பகுதி அவருடையவை.

'கிருபை' என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெயத்தில் உள்ள சொல் ஹெசெத். சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு அதைக் கிருபை என்றது. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியம் அதே வரியை "என்றும் உள்ளது அவரது பேரன்பு" என்று தருகிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் சொல்லின் கனம் பிடிபடும். ஒரு முறை வாக்குக் கொடுத்தவர், எதிரில் இருப்பவர் தவறினாலும் கைவிடாத பற்று அது. மனநிலைக்கு ஏற்ப ஏறி இறங்கும் பிரியம் அல்ல. ஆகவே "அன்பு, அன்பு" என்று பத்து முறை சொல்வதால் ஒரு பாட்டு தேவ அன்பைச் சொன்னதாகிவிடாது. என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும்; சொன்ன பிறகு அந்த மாறாத வரிக்குத் திரும்ப வேண்டும்.

கீர்த்தனையின் வடிவம் இந்த வேலைக்கு எவ்வளவு பொருத்தம் என்று இப்போது தெரியும். பல்லவி மாறாதது; ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் திரும்ப வருவது. அனுபல்லவி பல்லவியின் எண்ணத்தை ஒரு படி ஏற்றி மறுபடி பல்லவியிடமே கொண்டுபோய் விடும். சரணங்கள் நடந்ததைச் சொல்லும். விளக்கத்துக்காகவே கட்டிய சிறு பாட்டு ஒன்று:

பல்லவி
எத்தனை தூரமோ நடந்தீர் – என்
இத்தனை சிறுமைக்காய் ஐயா

அனுபல்லவி
பித்தனைப் போல் அலைந்தேனைச் – உம்
சித்தமே தேடியதால் – (எத்தனை)

சரணம்
முள்ளிடை ஆடொன்று கிடக்க – உம்
உள்ளமோ உறங்காதிருக்க
பள்ளமும் மேடுமே கடந்தீர் – கை
அள்ளியே தோளினில் சுமந்தீர் – (எத்தனை)

முதலில் எதுகையைக் கவனியுங்கள். எத்தனை, இத்தனை, பித்தனை, சித்தமே: இரண்டாம் எழுத்து எல்லாவற்றிலும் 'த்'. சரணத்தில் முள், உள், பள், அள். மனப்பாடம் ஆவதற்கு இது பெரிய துணை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த சபைகளிலும் ஏழெட்டுச் சரணங்கள் நெஞ்சில் நின்றன என்றால் எதுகை, மோனைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அடுத்து வினைச்சொற்கள். நடந்தீர், தேடியது, கடந்தீர், சுமந்தீர் எல்லாம் அவருடையவை. பாடுகிறவருக்குக் கிடைத்தது அலைந்ததும் முள்ளில் கிடந்ததும் மட்டும். லூக்கா 15-இல் மேய்ப்பன் ஆட்டைத் தோள்களின்மேல் போட்டுக்கொண்டு வருகிறான். 'தோளினில்' அதனால்தான் வந்தது. 'மார்பினில்' என்று எழுதினாலும் ஓசை கெடாது, ஆனால் அது ஏசாயா 40-இன் படம். கீர்த்தனை எழுதியவர்கள் இப்படி ஒரு சொல்லில் ஓர் அதிகாரத்தையே வைத்துவிடுவார்கள். மூன்றாவது, பல்லவி திரும்பும்போது நடக்கும் மாற்றம். முதல் முறை "எத்தனை தூரமோ நடந்தீர்" என்னும்போது அது ஒரு வியப்பு, அவ்வளவுதான். ஆட்டின் கதைக்குப் பிறகு பாடும்போது அந்தத் தூரம் பள்ளமும் மேடும் முள்ளுமாகிவிடுகிறது. அடுத்த சரணம் கல்வாரியைச் சொன்னால் அதே வரிக்கு இன்னொரு கனம். வரி மாறவில்லை, கேட்கிறவர் மாறிவிட்டார்.

இதனால்தான் சரணங்களை வெட்டிவிட்டுப் பல்லவியை மட்டும் பத்து முறை பாடுவது பாட்டை வெறுமையாக்குகிறது என்கிறோம். நேரம் குறைவு என்றால் வேறொரு பாட்டைக் குறையுங்கள். வெட்டியே தீர வேண்டுமானால் முதல் சரணத்தையும் கடைசிச் சரணத்தையும் வைத்துக்கொண்டு நடுவில் எடுப்பது பழைய வழக்கம். அப்போதும் சிலுவையைச் சொல்லும் சரணம் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வடிவம் சபைக்குள் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் லூத்தரன் மிஷனரிகள் தங்கள் ஊர் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கினார்கள். பிறகு பப்ரிசியஸ் என்ற ஜெர்மன் மிஷனரி ஏராளமாக மொழிபெயர்த்தார். மெட்டு அங்கிருந்து, சொல் இங்கிருந்து. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், இரண்டாம் சரபோஜி மன்னரின் நண்பர். அவர் தமிழ்ப் பாட்டு வடிவங்களிலேயே கிறிஸ்துவைப் பாடினார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியாருடைய பாட்டுகள் அதில் நிறைய இடம்பெற்றன. மேனாட்டு மெட்டில் வருவதைப் பாமாலை அல்லது ஞானப்பாட்டு என்றும், ராக தாளத்தில் வருவதைக் கீர்த்தனை என்றும் சபையார் இன்றும் பிரித்துச் சொல்கிறார்கள்.

பாட்டைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: இதில் யார் யாரிடம் பேசுகிறார்கள்? அடியான் ஆண்டவரிடமா, பிள்ளை தகப்பனிடமா, ஆடு மேய்ப்பனிடமா, நண்பன் நண்பனிடமா, மணவாட்டி மணவாளனிடமா? அன்பு ஒன்றுதான் என்றாலும் உறவு மாறினால் குரலும் மாற வேண்டும். கிறிஸ்துமஸ் தாலாட்டில் உறவு தலைகீழாகிறது. அங்கே பாடுகிறவர் தாய், தேவன் தொட்டிலில் கிடக்கும் குழந்தை. அதைப் படைவீரர் அணிவகுப்பு வேகத்தில் டிரம்ஸ் தட்டிப் பாடும்போது பாட்டின் உயிரே போய்விடுகிறது.

எல்லாவற்றிலும் புதியவர்கள் தடுமாறுவது மணவாட்டிப் பாட்டில். "என் நேசர் என்னுடையவர், நான் அவருடையவள்" என்று உன்னதப்பாட்டு 2:16 சொல்கிறது. ஆண்கள் இதைப் பாடக் கூச்சப்படுவதும், இளைஞர்கள் இதைச் சினிமாக் காதல் பாட்டு போல இழைப்பதும் ஒரே தெளிவின்மையின் இரண்டு முகங்கள். கிறிஸ்தவ மரபில் மணவாட்டி முதன்மையாகத் திருச்சபைதான். எபேசியர் 5-உம் வெளிப்படுத்தல் 21-உம் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. தனி ஆத்துமாவையும் மணவாட்டியாகப் பார்க்கும் வழக்கத்தை 12-ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துத் துறவி பெர்னார்து உன்னதப்பாட்டின் மேல் செய்த 86 பிரசங்கங்கள் ஆழப்படுத்தின. ஜெர்மன் பக்தர்களிடமும் அது செழித்தது. தமிழனுக்கு இது அந்நியமாகத் தோன்றாததற்குக் காரணம் நம் நாயக நாயகி பாவம், அதாவது இறைவனை நாயகனாகவும் பக்தனை நாயகியாகவும் வைத்துப் பாடும் மரபு. நம்மாழ்வாரே பராங்குச நாயகியாக நின்று பாடிய மொழி இது. சாஸ்திரியார் 1800-இல் பாடிய பெத்லகேம் குறவஞ்சியில் பெத்லகேம் நாதர்மேல் காதல் கொள்ளும் தலைவி திருச்சபையின் உருவம். ஆகவே கூட்டமாகப் பாடும்போது அந்த 'நான்' சபை முழுவதற்கும் பொது. ஒரு மணவாட்டிப் பாட்டு சபை ஆராதனைக்கு ஏற்றதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு: கிறிஸ்துவின் பெயரையும் அவர் செய்ததையும் எடுத்துவிட்டால் பாட்டில் ஏதாவது மாறுகிறதா? ஒன்றும் மாறவில்லை என்றால் அந்தப் பாட்டில் அவர் இல்லை.

விளிச்சொல்லும் உறவையே காட்டும். கீர்த்தனைகளின் பொதுவழக்கு 'நீர்'. 'நீ' போல நெருக்கம், 'நீங்கள்' போல மரியாதை, இரண்டும் அதில் உண்டு. நெல்லைப் பக்கத்துப் பேச்சில் 'நீரு' இன்னும் உயிரோடு இருப்பதால் அங்குள்ளவர்களுக்கு அது புத்தக மொழியாகக்கூடத் தோன்றாது. உரிமையோடு 'நீ' என்று பாடும் பாட்டுகளும் பழைய மரபில் உண்டு. இப்போதைய பாட்டுகளில் 'நீங்க', 'உங்க' சகஜம். எதுவும் தவறல்ல, கலப்பதுதான் தவறு. "உந்தன் அன்பால் நீர் என்னை மீட்டாய்" என்று ஒரு வரி இருந்தால், 'உந்தன்' என்பதும் 'மீட்டாய்' என்பதும் 'நீ'யோடு சேர்பவை, நடுவில் மட்டும் 'நீர்'. "உமதன்பால் நீர் என்னை மீட்டீர்" என்றால் வரி நேராகிறது. சொந்தமாகப் பாட்டு எழுதத் தொடங்குகிறவர்கள் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.

இனி பாடும் முறை. ராகப் பெயரைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். சபை பாடும் மெட்டு சில பாட்டுகளில் புத்தகம் சொல்லும் ராகத்திலிருந்து விலகியும் இருக்கும். ஆனால் ராகம் ஒரு குறிப்பு தருகிறது. நீலாம்பரி என்றால் தாலாட்டு, முகாரி என்றால் துயரம். சங்கராபரணத்தின் சுரங்கள் மேனாட்டு மேஜர் ஸ்கேலின் சுரங்களே, ஆகவே கீபோர்டுக்காரருக்குச் சிரமமில்லை. சிக்கல் நாதநாமக்கிரியை போன்ற, மாயாமாளவகௌளை என்னும் தாய் ராகத்திலிருந்து பிறந்த ராகங்களில் வரும். சிலுவைப் பாட்டுகளுக்கு உருக்கம் தரும் ராகம் அது. ஷட்ஜமம் (ச) சி-யில் இருந்தால் பாடுகிறவர் தொடும் ரிஷபம் (ரி) டி-பிளாட். பழக்கத்தில் கீபோர்டுக்காரர் ஜி மேஜர் கார்டைப் பிடிப்பார். அதில் டி இருக்கிறது. அரைச் சுரம் தள்ளி இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்க, சபையாருக்குச் சுருதி குழம்பும். பாடகர்தான் விலகிவிட்டார் என்று எல்லோரும் நினைப்பார்கள். தீர்வு எளிது: சி மேஜர், எஃப் மைனர், டி-பிளாட் மேஜர் மூன்றோடு நிற்கலாம், அல்லது ஷட்ஜமம், பஞ்சமம் (ச, ப) இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு மெட்டைத் தனியே விட்டுவிடலாம். இரண்டாவது வழிதான் அழகு.

சுருதி வைப்பதில் எல்லோரும் செய்யும் பிழை, பல்லவியைப் பாடிப் பார்த்துக் கட்டையை, அதாவது ஷட்ஜமம் எந்தச் சுரத்தில் நிற்கும் என்பதை, முடிவு செய்வது. பல்லவி நடுவில் நிற்கும், சரணத்தின் மூன்றாம் வரிதான் தாரஸ்தாயிக்கு, அதாவது மேல் ஸ்தாயிக்கு, ஏறும். அங்கே ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுவார்கள், பெண்களில் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். அன்பின் உச்சத்தைச் சொல்லும் வரி அதுவாகவே இருக்கும். பாட்டின் மிக உயர்ந்த சுரத்தை முதலில் தேடுங்கள். கலந்து பாடும் சபைக்கு அது மேல் டி-யைத் தாண்டாமல் இருப்பது நல்லது. மிகத் தாழ்ந்த சுரம் கீழ் ஏ-க்குக் கீழே போகாமல் இருக்கட்டும். மந்தர (கீழ் ஸ்தாயி) பஞ்சமத்திலிருந்து தார (மேல் ஸ்தாயி) ஷட்ஜமம் வரை போகும் பாட்டு 2 கட்டையில் (ஷட்ஜமம் டி) வசதியாக அமையும். மத்திய ஷட்ஜமத்திலிருந்து தார காந்தாரம் வரை ஏறும் பாட்டை 1 கட்டையில் (ஷட்ஜமம் சி) எடுத்தால் மேல் ஈ வரை இழுக்க வேண்டி வரும். அதையே கீழ் 6 கட்டைக்கு (ஷட்ஜமம் கீழ் ஏ) இறக்கினால் எல்லோர் குரலுக்கும் எட்டும்.

தாளத்தில் ஆதிக்கு எட்டு, ரூபகத்துக்கு மூன்று. இவற்றில் பெரிய தொல்லை இல்லை. மிஸ்ர சாபு ஏழு அட்சரம், 'தகிட தகதிமி' என்று மூன்றும் நான்குமாக நடக்கும். கீபோர்டில் பதிவாகியுள்ள ஆயத்தத் தாளங்கள் பெரும்பாலும் நான்கிலோ மூன்றிலோ ஓடுபவை. அதன்மேல் இந்தப் பாட்டைப் போட்டால் ஏழாவது அட்சரம் எட்டாக இழுபடும். கேட்டுக் கெஞ்சுவது போல முன்னே சாய்ந்து ஓடிய வரி, கால் ஊன்றி நின்றுவிடும். ஆயத்தத் தாளத்தை நிறுத்திவிட்டு, தபேலாவோ டோலக்கோ இல்லையென்றால் கைத்தாளம் போதும்.

பெரிய ஆலயங்களில் பாட்டு இழுத்துக்கொண்டே போவதற்குப் பக்திக் குறைவு காரணமல்ல. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் பின்னால் இருப்பவர் பாட்டை நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகக் கேட்டுப் பாடுகிறார்; அவர் குரல் முன்னே வந்து சேர அதே அளவு இன்னொரு தாமதம். முன்னே நிற்பவர் அவருக்காகக் காத்தால் ஒவ்வொரு சரணத்துக்கும் வேகம் குறையும். பாட்டு நடத்துகிறவர் காத்திருக்கவே கூடாது. தாளத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி கையால் போட்டால் பின்வரிசை காதை விட்டுக் கண்ணை நம்பும்.

உச்சரிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அன்பு சொல்லில்தான் இருக்கிறது. "உம் வழியில் நடப்பேன்" என்பதை "உம் வலியில் நடப்பேன்" என்று பாடினால் அர்த்தமே வேறு. இன்னொன்று, குறிலை நீட்டுவது. வேறு மொழிக்காகப் பிறந்த மெட்டில் நீண்ட சுரம் எங்கே வரும் என்பது நம் கையில் இல்லை. "என் மனம் தந்தேன்" என்ற வரியில் 'ம' நீண்ட சுரத்தில் விழுந்தால் சபை முழுவதும் "என் மானம் தந்தேன்" என்று பாடுகிறது. மொழிபெயர்ப்பவர் அந்த இடத்தில் நெடில் உள்ள சொல்லைத் தேட வேண்டும். ஏற்கனவே அச்சில் உள்ள பாட்டு என்றால், குறிலைக் குறிலாகவே தொட்டுவிட்டு அடுத்துவரும் மெல்லினத்தில், அதாவது 'ம்', 'ன்' போன்ற எழுத்தில், சுரத்தை நீட்டிச் சமாளிக்கலாம்.

ஒரு புதிய கீர்த்தனையைப் பழக அரைமணி நேரம் இருந்தால் அதில் முதல் பத்து நிமிடம் மெட்டையே தொட வேண்டாம். பாட்டை வாய்விட்டு வாசியுங்கள். தேவனுடைய வினைச்சொற்களுக்கு அடியில் ஒரு கோடு, நம்முடையவற்றுக்கு இரண்டு கோடு. "பாடுவேன், துதிப்பேன், ஆராதிப்பேன்" என்று இரட்டைக் கோடுகளே நிறைந்திருந்தால் ஏன் துதிக்கிறோம் என்பதைப் பாட்டு சொல்லவில்லை என்று பொருள். அதற்கு முன்னால் காரணம் சொல்லும் வேறொரு பாட்டை வையுங்கள். "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்" என்று 1 யோவான் 4:19 வைக்கும் வரிசை இதுதான். துதியே இல்லாமல் முறையிடும் பாட்டு வந்தாலும் ஒதுக்க வேண்டாம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று சங்கீதம் 13 கேட்கிறது. நேசிக்கிறவரிடம்தான் இப்படிக் கேட்க முடியும்.

அடுத்த பத்து நிமிடம் தாளம் போட்டுக்கொண்டு சொற்களை மட்டும் சொல்லுங்கள். மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். "தேவ" என்று நிறுத்தி மூச்சு வாங்கி "அன்பு" என்று தொடர்வது போன்ற பிளவு வரக்கூடாது. கடைசிப் பத்து நிமிடத்தில் மெட்டு: முதலில் சரணம், பிறகு அனுபல்லவி, கடைசியாகப் பல்லவி. பல்லவி எப்படியும் வந்துவிடும், சரணத்துக்குத்தான் உழைப்பு வேண்டும்.

சரணத்திலிருந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தைத் தனியாக ஐந்தாறு முறை பாடிப் பாருங்கள். அங்கே வாத்தியக்காரர் இடையிசை போட்டு நிரப்பினால் கதைக்கும் பதிலுக்கும் நடுவில் சுவர் எழும்பிவிடும். சரணத்தின் கடைசிச் சொல் முடிந்த அதே மூச்சில் பல்லவியின் முதல் சொல் எடுபட வேண்டும். கடைசிச் சரணத்துக்குப் பிறகு மட்டும் வாத்தியங்களை நிறுத்திவிட்டு, பல்லவியைச் சபையின் குரலுக்கே விட்டுவிடலாம்.